நல்ல உடம்புக்காரி

எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக வந்த ஜீப், என் ஓரகத்தியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போக வந்தது. அதற்கு முன் அங்கே மாட்டுவண்டி வந்திருக்கிறது, ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஷ்புஷ் வண்டி வந்திருக்கிறது, தேர்தல் சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருமுனைவரை வந்து திரும்பியிருக்கிறது. ஜீப் வந்ததில்லை. டிரைவர் இறங்கி, வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, பேஷண்ட் தயாரா என்று கேட்டான். என் கொழுந்தன் தன் மனைவியின் தோளைப் பிடித்து மெதுவாக அழைத்துவந்தான். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவ்வளவு இளைத்துப்போயிருந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். என் மாமனார் முண்டாசை அவிழ்த்து ஜீப்பின் சீட்டைத் துடைத்தார்.

நான் உரலில் மாவு தள்ளிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு வந்து நின்று, அவள் ஏறி உட்காருவதைப் பார்த்தேன். அப்போது என் மனதில் வந்தது இரக்கம் இல்லை. இதுவரை என்னை யாராவது இப்படிக் கைபிடித்து எங்கேயாவது ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்களா என்றுதான் நினைத்தேன். எலும்பும் தோலுமாகப் போகிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், நன்றாகவே முடிந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொடுத்த அந்த வருஷக் கடைசியில்தான் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். பிறந்த வீடு கருவடிக்குப்பம். என் அப்பா கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை செய்தார். அந்தச் சலுகையில் என்னை அங்கேயே படிக்கவைத்தார். பிரெஞ்சில் பாடம் சொல்லுவார்கள். ஆரம்பப் பள்ளித் தேர்வில் தேறி, செர்த்திபிக்கா என்று அவர்கள் சொல்லும் சான்றிதழ் வாங்கியிருந்தேன். நான் போன வீட்டில் எல்லாரும் மில் தொழிலாளிகள். மாமனார் தறி ஓட்டி ஓட்டிக் காது மந்தமாகி வேலையை விட்டவர். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மில்லில் இருந்தார்கள். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். எனவே வந்த நாளிலிருந்து அடுப்பும் கிணறும் என்னுடையவை. மில் சங்கு ஊதுவதற்குள் சோறு கட்டிக்கொடுக்க வேண்டும், அடுத்த சங்குக்குள் அடுத்த ஆளுக்குக் கட்ட வேண்டும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் தவளக்குப்பம் பக்கம், பயிர் வைக்கிற குடும்பம். எழுத்து தெரியாது. ஆனால் யார் பேசினாலும் அதே மாதிரி பேசிக் காட்டுவாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் பேரம் பேசுவதை அவள் நடித்துக் காட்டினால், காது கேளாத மாமனார்கூட முகத்தைப் பார்த்தே சிரித்துவிடுவார். நான் வந்து அத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அங்கேயே எனக்கு ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். வேலையில் அவள் எனக்குக் குறை வைக்கவில்லை. அக்கா அக்கா என்று பின்னாலேயே வந்தாள். அதனால் வெளியே ஒன்றும் சொல்ல முடியாது.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அது தவழத் தொடங்கிய வருஷம் மழை விடாமல் பெய்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கி, தெரு முழுக்க வயிற்றுப்போக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் போனது. எனக்கு ஒரு பொழுது வயிறு கலங்கியதோடு சரி. அன்றைக்கும் நான்தான் சமைத்தேன். அவளுக்கு மட்டும் நிற்கவே இல்லை. மழை முடிந்து பனி வந்தது, பனி முடிந்து வெயில் வந்தது, அவளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வெளுப்பாக, எண்ணெய் மிதக்கிற மாதிரி. நாக்கு தோல் உரிந்து சிவந்துபோனது. மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும். மாதுளைத் தோலை அரைத்துக் கொடுத்தோம், மோரைக் காய்ச்சிக் கொடுத்தோம், வேப்பிலை அடித்தோம். குழந்தைக்குப் பால் வற்றிவிட்டது.

அவள் துணிகளை நான்தான் துவைத்தேன். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. துவைக்க வேறு ஆள் இல்லை. துவைத்து உலர்த்திவிட்டு உள்ளே வந்தால் மாமனார் அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்து ஊட்டிக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்ததும் செருப்பை விடுவதற்கு முன்பே, அவளுக்கு இன்றைக்கு எப்படி என்று என்னிடம் கேட்பார். நான் சொல்லுவேன். பிறகு அவர் சாப்பிட உட்காருவார், நான் பரிமாறுவேன். உனக்கு எப்படி என்று கேட்க ஒரு காரணமும் இல்லைதானே.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு மதிப்பு இருந்தது. முதலில் அவளை ஒரு கிழ டாக்டரிடம் கூட்டிப்போனோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கேயே படித்துத் தேறியவர், சீட்டைப் பிரெஞ்சில்தான் எழுதுவார். கொழுந்தன் விழிப்பான். நான் வாங்கிப் படித்து, 'மத்தேன்' என்றால் காலை, 'சுவார்' என்றால் சாயங்காலம், இது சாப்பாட்டுக்கு முன், இது பின் என்று சொல்லுவேன். முசியே என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் அந்த டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, எங்கே படித்தாய் என்று பிரெஞ்சிலேயே கேட்டார். நான் பதில் சொன்னேன். வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் அவருடைய மருந்து கேட்கவில்லை. வெளியூரிலிருந்து டாக்டர்கள் சிலர் வந்து, குடல் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அவர்களுக்கு ஒரு வார்டு கொடுத்திருக்கிறது, அங்கே காட்டுங்கள் என்று அவரே சொன்னார். அந்த டாக்டர்களுக்கு எல்லாமே இங்கிலீஷ். என் பிரெஞ்சுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

அப்படித்தான் அந்த ஜீப் வந்தது.

மறுநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே விடவில்லை. வெளிச் சாப்பாடு கூடாதாம். அவர்கள் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டுமாம். எட்டிப் பார்த்தேன். வெள்ளை விரிப்புப் போட்ட இரும்புக் கட்டில். அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு நர்ஸ் சின்னத் தராசில் சோற்றை நிறுத்துத் தட்டில் வைத்தாள். அவள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததையும் நிறுத்தாள். நான் பாத்திரத்தோடு திரும்பிவந்து, அந்தச் சோற்றை நானே சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து உள்ளே விட்டார்கள். வார்டைக் கவனித்துக்கொண்டது ஒரு லேடி டாக்டர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கட்டைக் கூந்தல், கையில் ஆம்பிளை வாட்ச், நன்றாகத் தமிழ் பேசுவார். கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நேற்று என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய், பசித்ததா, சாப்பிட்ட பிறகு வயிறு உப்பியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். அவள் யோசித்து யோசித்துப் பதில் சொல்லுவாள். இரண்டு பேரும் ஏதோ உறவுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சுவர் ஓரம் நின்றுகொண்டிருப்பேன்.

"நீ ஏன் நிக்கற அக்கா, இப்படி உக்காரு" என்று கட்டிலைத் தட்டிக் காட்டுவாள், அவள் வீட்டுக்கு நான் விருந்து வந்த மாதிரி.

அங்கே நடந்ததெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதலில் ஒரு சிவப்புச் சாய மாத்திரை கொடுப்பார்கள். மலம் சிவப்பாக வந்த நேரத்திலிருந்து கணக்கு ஆரம்பம். அதற்குப் பிறகு போவதையெல்லாம் மூடி போட்ட டப்பாவில் பிடித்து, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். சில நாள் கழித்து இன்னொரு சாய மாத்திரை கொடுத்து, மறுபடி சிவப்பு வந்தால் கணக்கு முடிந்தது. தின்ற கொழுப்பில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது, எவ்வளவு வெளியே வந்தது என்று பார்க்கிறார்களாம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் அலசிக் கொட்டியதைத்தான் இங்கே கோட்டுப் போட்ட மனிதர்கள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்கள். அவளுக்கு அதில் பெருமை. தன் டப்பாவை எந்த அறைக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே எந்த மெஷினில் போடுகிறார்கள் என்று எனக்கு விளக்கிச் சொன்னாள். எழுத்துத் தெரியாதவள், குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்ததைப் பயாப்ஸி என்றாள், விட்டமின் என்றாள்.

லேடி டாக்டர் ஒருநாள் என்னிடமும் சொன்னார். "அவங்களுக்குச் சாப்பாடு குடலுக்குள்ள போகுது, குடல்லேர்ந்து உடம்புக்குள்ள போகல. குடலோட உள்சுவர் தேஞ்சுபோயிருக்கு." எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை, அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

மருந்து என்று பார்த்தால் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை, ரத்தம் மாதிரி சிவந்த ஒரு ஊசி. அவ்வளவுதான். அது அவளைத் தூக்கி நிறுத்திவிட்டது. முதலில் நாக்கு ஆறியது. பிறகு பசி வந்தது. அந்தப் பசியை எல்லாரும் ஒரு அதிசயம் மாதிரி பேசினார்கள். கொழுந்தன் பெரிய மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். இன்னும் சோறு கேட்டாளாம் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் யாருக்கும் சந்தோஷம் வராது. குறையாமல் இருந்தால் சரி என்றிருக்கும்.

அவள் வீடு திரும்பியபோது கன்னம் வந்திருந்தது. கூடவே லேடி டாக்டரும் வந்தார். எங்கள் கிணற்றைப் பார்த்தார், கக்கூசுக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தார், குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துச் சீசாவில் அடைத்தார். அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நோயாளியின் குடல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதே வீட்டில், அதே தண்ணீரைக் குடித்து, அதே சோற்றைச் சாப்பிட்டு நோய் வராமல் இருக்கிறவர்களின் குடலையும் குழாய் விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். யாராவது ஒருவர் வர முடியுமா என்று கேட்டார். ஆண்கள் இரண்டு பேரும் ஷிப்டைக் காரணம் சொன்னார்கள். மாமனார் காது கேட்காததுபோல இருந்துவிட்டார். டாக்டர் திரும்பி, சமையல்கட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இவங்க நல்லா திடமா இருக்காங்களே. உங்களுக்கு ஒண்ணும் வரலியா?"

ஒரு பொழுதோடு சரி, வேறு எதுவும் வந்ததில்லை என்றேன். அப்படியானால் நீங்கள்தான் எங்களுக்கு வேண்டிய ஆள் என்றார். வேண்டிய ஆள் என்று அவர் சொன்னது எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது எழுதினால் சிரிப்பு வரும். முகம் சூடேறிப் போய், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் போன பிறகு, நல்ல உடம்பில் எதற்குக் குழாய் விடவேண்டும், உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்றார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"அவளுக்கு எத்தினி தடவ விட்டாங்க. அப்போ வேணாம்னு சொன்னீங்களா?"

"அவ நோயாளி. நீ என்னா நோயாளியா?"

"நான் நோயாளி இல்ல. அதனாலதான் கூப்புடறாங்க. என்னையும் ஒருதரம் பாக்கட்டுமே."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, உன் இஷ்டம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஜீப் வரவில்லை. ஜீப் பழுதாகிவிட்டதாம். ஓரகத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு காலை வெயிலில் நடந்தே போனேன். வாய்க்காலைத் தாண்டிப் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பக்கம் போனால் தெருவே மாறிவிடும். அகலமாக, மரங்களோடு, ஆளே இல்லாமல். அவள் வாட்ச்மேனிடம் நின்று பேசினாள். ஆயாம்மாவிடம் பேசினாள். வார்டில் எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. என்னை, இது எங்க அக்கா, நார்மல் என்று அறிமுகம் செய்தாள். நோய் இல்லாதவர்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

முதலில் ஒரு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தபிறகு சிறுநீரைப் பிடித்து அளந்தார்கள். அது சுலபம். குழாய்தான் கஷ்டம். ஈச்சங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு உலோக உருண்டை, அதன் வாலாக நீண்ட மெல்லிய குழாய். உருண்டையை விழுங்க வேண்டும். அது வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கும்வரை வலதுபக்கமாகப் படுத்திருக்க வேண்டும். நான் தைரியமாக வாயைத் திறந்தேன். தொண்டைக்குப் போனதும் குமட்டிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி வந்தது. கண்ணில் நீர், மூக்கில் நீர். உங்க தங்கச்சி முதல் தடவையே விழுங்கிட்டாங்க என்று நர்ஸ் சொன்னாள். உற்சாகப்படுத்தத்தான் சொன்னாள். எனக்கு அந்த உருண்டையை அவள்மேல் துப்ப வேண்டும்போல் இருந்தது.

என் ஓரகத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அக்கா, அத நெனைக்காத. மோர் குடிக்கற மாதிரி நெனச்சுக்கோ. மூக்கால மூச்சு விடு. தலைய நிமுத்தாத, கீழ குனி."

இதிலும் அவள்தான் எனக்கு மூத்தவளா என்ற எரிச்சலிலேயே விழுங்கினேன். போய்விட்டது. டாக்டர் கைதட்டினார். அவளைப் பார்த்துத்தான் தட்டினார்.

வெகுநேரம் படுத்துக்கிடந்தேன். எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, இடத்துக்குப் போய்விட்டது என்றார்கள். குழாயின் வெளி முனையில் சிரிஞ்சை வைத்து டாக்டர் ஒரு இழுப்பு இழுத்தார். உருண்டைக்குள் ஒரு சின்னக் கத்தி சுழன்று துளி சதையை நறுக்கியிருக்குமாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெளியே எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் போட்டுக் காட்டினார்கள். சோற்றுப்பருக்கையில் பாதி இருக்கும், வெளிர்சிவப்பாக. அது என்னுடையது என்று நம்பச் சிரமமாக இருந்தது. டாக்டர் அதை விளக்குக்கு அடியில் வைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க எனக்கு நிறைவாக இருந்தது.

சில வாரம் கழித்துச் சொல்லியனுப்பினார்கள். தனியாகப் போனேன். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு போனேன். அவளுக்குத் தேய்ந்தது எனக்குத் தேயவில்லை, இது எப்படிப்பட்ட குடல் பாருங்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். லேடி டாக்டர் என்னைக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். முதலில் ஒரு தடிப் புத்தகத்தில் படம் காட்டினார். நல்ல குடலின் உள்சுவர் விரல் விரலாக எழும்பியிருக்கும், அந்த விரல்கள்தான் சாப்பாட்டை உறிஞ்சும் என்றார். பிறகு கருவியில் கண்ணை வைக்கச் சொன்னார். விரலைத் தேடினேன். விரல் இல்லை. அகல அகலமாக இலை மாதிரி இருந்தது, நடுவே மேடும் பள்ளமுமாக வரப்பு மாதிரி ஓடியது.

இது என் ஓரகத்தியுடையதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. இது உங்களோடது."

எனக்கு என்ன நோய் என்று கேட்டேன்.

"நோய்னு சொல்ல முடியாது. சர்க்கரையும் கொஞ்சம் கொறச்சலாத்தான் உறிஞ்சியிருக்கு. ஆனா நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. இந்த ஊர்ல நல்லா இருக்கோம்னு வந்தவங்க நெறைய பேருக்கு இப்படித்தான் இருக்கு. புத்தகத்துல இருக்கற படம் வேற தேசத்துக்காரங்களோட குடல். இங்க நல்லா இருக்கறவங்க குடல் எப்படி இருக்கும்னு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

அப்படியானால் எனக்கும் கட்டில் உண்டா, மாத்திரை உண்டா என்று கேட்டேன். வேண்டியதில்லை என்றார். அவளுக்கு இருந்தது சமவெளி மாதிரி மழுங்கிப் போயிருந்ததாம். மருந்துக்குப் பிறகு ஏறக்குறைய என்னுடையது மாதிரி ஆகிவிட்டதாம். அவள் தேறி வந்து சேர்ந்த இடத்தில்தான் நான் இத்தனை காலமும் இருந்திருக்கிறேன்.

நான் எழுந்திருக்கப் போனேன். உட்காருங்க என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து, நீங்க ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடறீங்க, காலையிலேர்ந்து சொல்லுங்க என்றார். நான் ஆரம்பித்தேன். காலையில் பழைய சோற்று நீர், எல்லாரும் போன பிறகு. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு. குழம்பில் அடியில் இருப்பது. மீன் என்றால் தலை. இருந்தால். டாக்டர் எவ்வளவு என்று கேட்டார். எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சத்தை எப்படி அளப்பது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். அழவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. கேட்டு முடித்து, முட்டை சாப்பிடுங்க, கீரை சாப்பிடுங்க, கடைசியா சாப்பிடாதீங்க என்றார். கடைசி விஷயத்தை அவர் மருந்துபோலச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

வெளியே வந்தால் வாய்க்கால் பாலத்தில் அவள் குழந்தையோடு நின்றிருந்தாள். பொறுக்க முடியாமல் வந்துவிட்டாளாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எனக்கும் உன் மாதிரிதான் இருக்கிறதாம் என்றேன். அவள் முகம் சட்டென்று வாடியதைக் கண்ணால் பார்த்தேன். எனக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"உனக்குமா?" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "டாக்டரம்மா எனக்குத்தான் இப்படின்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

நடந்தோம். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். "பாயில கெடந்தப்ப, நீ கொடத்த இடுப்புல வச்சிக்கிட்டு நடப்ப பாரு, அதப் பாத்துட்டே கெடப்பேன். எனக்கு அப்படி வயிறெரியும். கட்டில் வேணாம், ஜீப்பு வேணாம், உன் ஒடம்பு மட்டும் இருந்தா போதும்னு இருக்கும். ஒரு நாளாவது நீ காய்ச்சல்ல படுக்கமாட்டியான்னு நெனச்சிருக்கேன் அக்கா."

நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சொல்லிவிட்டாள், அதுவும் முந்திக்கொண்டு. அதற்கும் ஒரு பொறாமை வந்தது எனக்கு. குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன். மீதித் தூரம் நான் தூக்கிவந்தேன்.

ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது என்று தெருவெல்லாம் தோரணம் கட்டிய வருஷம், அந்த டாக்டர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியனுப்ப இரண்டு பேரும் போனோம். லேடி டாக்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு அவர் கையைக் குலுக்கி நன்றி சொன்னார், இங்கிலீஷ்காரர்கள் மாதிரி. பிறகு, முட்டை சாப்பிடறீங்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். வாரத்தில் ஒன்றிரண்டு சாப்பிடத்தான் செய்தேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல்.

அடுத்த மாதமே கொழுந்தன் மில்லை விட்டான். தன் மாமனார் வீட்டுப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தவளக்குப்பம் போய்விட்டான். என் மாமனார் கொஞ்ச நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, போய் அவளைப் பார்த்துவிட்டு வா என்றார். கடலூர் பஸ் பிடித்துப் போனேன்.

நான் போனபோது உச்சிவெயில். அவள் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, தட்டு நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வயலிலிருந்து இன்னும் வரவில்லை. என்னைக் கண்டதும் எச்சில் கையோடு எழுந்து வந்தாள். அவன் வராமலே சாப்பிட உட்கார்ந்துவிட்டாயா என்று கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"பசிச்சிச்சு, போட்டுக்கிட்டேன். அவரு வந்தா அவரு போட்டுக்குவாரு" என்றாள்.

எனக்கும் தட்டு வைத்தாள். சோறு சுடச்சுட இருந்தது. நாக்கு எப்படி என்று கேட்டேன், நீட்டிக் காட்டினாள். வெயில் காலத்தில் ஓரத்தில் கொஞ்சம் சிவக்கும், அந்த மஞ்சள் மாத்திரையை வாங்கிப் போட்டால் போய்விடும் என்றாள். மீன்காரி பேச்சை நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். உடம்பு பூசினாற்போல இருந்தாள். மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் மாமனார் எழுந்து உட்கார்ந்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று காதுக்குப் பக்கத்தில் குனிந்து, நன்றாக இருக்கிறாள் மாமா, நம் எல்லாரையும்விட நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, அடுப்பு மூட்டப் போனேன்.